100 கிலோவுக்கு மேல இருக்கீங்களா? 21 கியரை விடுங்க, பின் சக்கரத்தைப் பாருங்க



“உங்க வெயிட்டுக்கு இதெல்லாம் தாங்காது சார்.” சைக்கிள் கடையில இந்த ஒரு வரியைக் கேட்டுட்டு, அதோட சைக்கிளையே மறந்தவங்க நிறைய பேர். கதை எல்லாருக்கும் ஏறக்குறைய ஒண்ணுதான். பத்து மணி நேரம் நாற்காலி, ராத்திரி பதினோரு மணிக்கு பிரியாணி, ஆபீஸ் ஹெல்த் செக்கப் ரிப்போர்ட்ல நாலு இடத்துல சிவப்பு. “இந்த எடையோட ஓட்டப் பயிற்சி வேண்டாம், மூட்டுக்கு நல்லதில்ல, சைக்கிள் ஓட்டுங்க” என்கிறார் டாக்டர். அடுத்த சம்பளத்துல 15,000 ரூபாய்க்கு 21 கியர் சைக்கிள் வீட்டுக்கு வருது. மூணாவது மாசம் பால்கனியில அதுமேல துண்டு காயுது.

இது உடம்பு விஷயம், ஃபைனான்ஸ் சேனலுக்கு இதுல என்ன வேலைன்னு கேட்கலாம். 15,000 ரூபாய் சைக்கிள் 200 கிலோமீட்டர் ஓடி நின்னா, கிலோமீட்டருக்கு 75 ரூபாய். ஆட்டோவே அதைவிட மலிவு. அதே சைக்கிள் 5,000 கிலோமீட்டர் ஓடினா 3 ரூபாய். அந்த 200-க்கும் 5,000-க்கும் நடுவுல எது உடையுது, எதுக்குப் பணம் போட்டா அது உடையாம இருக்கும் என்பதுதான் இந்தக் கட்டுரை. வீடியோல பத்து நிமிஷத்துல வேகமா சொல்லிட்டுப் போன கணக்கை இங்கே நிதானமா போட்டுப் பார்க்கலாம். இதுக்கு ஸ்பான்சர் யாரும் இல்லை, அஃபிலியேட் லிங்க்கும் இல்லை.

சிலிண்டர் அண்ணன் சைக்கிள் எப்படித் தாங்குது?

முதல்ல அந்தக் கடைக்காரர் சொன்ன வரியை முடிச்சிடலாம். கேஸ் சிலிண்டர் போடுற அண்ணன்களோட சைக்கிளைப் பார்த்திருப்பீங்க. உள்ளே 14.2 கிலோ கேஸ், காலி சிலிண்டரோட எடை பதினஞ்சு கிலோ சொச்சம். ஆக ஒரு சிலிண்டர் ஏறக்குறைய 30 கிலோ. பின்னாடி ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணு தொங்கும், சீட்டுல அவர். 60 கிலோ ஆள்னு வெச்சாலும் மொத்தம் 120 கிலோ. இளநீர்க் குலையை ரெண்டு பக்கமும் கட்டித் தொங்கவிட்டு வர்றவங்க கணக்கு இதைவிடக் கூடவும் இருக்கும். வருஷக்கணக்கா அதே சைக்கிள்தான்.

அந்த 28 இன்ச் பழைய மாடல் சைக்கிள்ல பின் சக்கரத்துக் கம்பியை எண்ணிப் பாருங்க. 40 இருக்கும். முன் சக்கரத்துல 32. எடையில பெரும்பங்கு பின்னாடிதான் விழும்னு தெரிஞ்சு, கம்பியையும் பின்னாடி கூட்டி வெச்சிருக்காங்க. ஒரே ஒரு பல்சக்கரம், தடிமனான செயின், அவ்வளவுதான். நம்ம 21 கியர் சைக்கிள்ல முன்னாடி எத்தனை கம்பியோ அதேதான் பெரும்பாலும் பின்னாடியும், 32 அல்லது 36. போதாக்குறைக்கு பின் சக்கரத்தோட வலது பக்கத்துல ஏழு பல்சக்கரத்துக்கு இடம் ஒதுக்கணும். வம்பு அங்கதான் ஆரம்பிக்குது.

வளைஞ்ச ஆக்ஸில்

என்கூட வேலை பார்த்த நண்பர் ஒருத்தர், 105 கிலோ. ஆறு மாசத்துல மூணு தடவை அவர் சைக்கிளோட பின் ஆக்ஸில் வளைஞ்சுது. ஒவ்வொரு தடவையும் புது ஆக்ஸில் போட்டு, பால்ரஸ் மாத்தி, 350, 400-னு வாங்கிட்டு அதே வரியைச் சொல்லி அனுப்பினாங்க. மூணாவது தடவைக்கு அப்புறம் அவர் சொன்னார்: “முதல்ல வெயிட்டைக் குறைச்சிட்டு அப்புறம் சைக்கிள் ஓட்டறேன்டா.” வெயிட்டைக் குறைக்கத்தான் மனுஷன் சைக்கிளே வாங்கினார்!

பிரச்சினை அவர் உடம்புல இல்லை, ஹப்புல இருந்தது. பின்னாடி பல்சக்கரங்களை மாட்ட ரெண்டு முறை இருக்கு. முதல் முறை ஃப்ரீவீல். பல்சக்கரங்களும், பின்னால சுத்தினா டிக் டிக்னு சத்தம் போடுற அந்தப் பகுதியும் சேர்ந்து ஒரே கட்டியா இருக்கும். ஹப்போட ஓரத்துல மரை இருக்கும், அதுமேல இந்தக் கட்டியை முறுக்கி ஏத்திடுவாங்க. இதுல வலது பக்க பேரிங், கட்டிக்கு உள்பக்கமா, சக்கரத்தோட நடுவை நோக்கித் தள்ளி உட்காருது. அந்த பேரிங்குக்கும் ஃப்ரேமுக்கும் நடுவுல மூணு சென்டிமீட்டருக்குக் குறையாத நீளத்துக்கு ஆக்ஸில் எந்தத் தாங்கலும் இல்லாம நிக்குது. 10 மில்லிமீட்டர் தடிமன் உள்ள கம்பி அது. ஒவ்வொரு குழியிலயும் ஸ்பீட் பிரேக்கர்லயும் அந்த இடத்துலதான் அடி விழுது. ஒற்றைக் கியர் சைக்கிள்ல இந்த இடைவெளி சின்னது. அதனாலதான் சிலிண்டர் சைக்கிள் தப்பிக்குது, ஏழு பல் சைக்கிள் வளையுது.

ரெண்டாவது முறை கேசட். இதுல டிக் டிக் பகுதி ஹப்போட உடம்புலயே இருக்கும், அதுக்குப் பேர் ஃப்ரீஹப். பல்சக்கரங்கள் மட்டும் அதுமேல வரிசையா நழுவி உட்காரும். ஷிமானோ வகை ஃப்ரீஹப்ல வலது பேரிங் வெளி ஓரத்துக்கு, ஃப்ரேமுக்குப் பக்கத்துல வந்துடுது. தாங்கல் இல்லாத நீளம் ரொம்பக் குறைவு. அதே 10 மில்லிமீட்டர் ஆக்ஸில்தான், ஆனா வளையறது அபூர்வம்.

ஒரு சின்ன வரலாறு. ஷிமானோ 1921-ல் ஜப்பானின் சகாய் நகரத்துல தொடங்கப்பட்டது. அவங்க செஞ்ச முதல் பொருளே ஃப்ரீவீல்தான். அதே கம்பெனிதான் 1978-ல் ஃப்ரீஹப்பைக் கொண்டு வந்தது. நாற்பது வருஷத்துக்கு மேல ஆகியும், நம்ம ஊர்ல 12,000 முதல் 18,000 வரை விற்கிற கியர் சைக்கிள்கள்ல பெரும்பாலும் இன்னும் ஃப்ரீவீல்தான். காரணம் விலை. 60 கிலோ ஆளுக்கு அது போதும், அவரை மனசுல வெச்சுத்தான் அந்த விலைக்கு சைக்கிள் செய்யறாங்க. உங்களை வெச்சு செய்யலை.

கடையில எப்படிக் கண்டுபிடிக்கறது

கடையில கேட்டா பேச்சு இப்படித்தான் போகும்.

“அண்ணா, பின்னாடி ஃப்ரீவீலா, கேசட்டா?”

“எல்லாம் ஒண்ணுதான் தம்பி. ஷிமானோ கியரு, 21 ஸ்பீடு, யோசிக்காம எடுங்க.”

ஷிமானோ கியர்னு அவர் சொல்றது பொய் இல்லை. செயினைத் தள்ளுற டெரெய்லரும் கைப்பிடியில இருக்கிற ஷிஃப்டரும் ஷிமானோவா இருக்கும். ஹப்பும் ஆக்ஸிலும் யாரோடது என்பதை ஸ்டிக்கர் சொல்லாது. நீங்களே பார்த்துக்கலாம். பின் சக்கரத்தோட வலது பக்கம் குனிஞ்சு, சின்னப் பல்லுக்கு நடுவுல பாருங்க. டூல் மாட்டுறதுக்கு வரிவரியா வெட்டின ஒரு வளையம் தெரியும். இப்போ பெடலைப் பின்னோக்கிச் சுத்துங்க. பல்சக்கரங்களோட சேர்ந்து அந்த வளையமும் சுத்தினா கேசட். பல் மட்டும் சுத்தி, வளையம் அசையாம நின்னா ஃப்ரீவீல். பத்து செகண்ட் வேலை. இன்னொரு குறிப்பும் இருக்கு: ஏழு கியர்ல சின்னப் பல் 14-ல ஆரம்பிச்சா பெரும்பாலும் ஃப்ரீவீல், 11-ல ஆரம்பிச்சா கேசட்டா இருக்க வாய்ப்பு அதிகம். ஆனா இதை மட்டும் நம்பாதீங்க, பின்னோக்கிச் சுத்தியும் பாருங்க. ஃப்ரீவீல்ல எட்டு, ஒன்பது கியர் கூட வருது.

பழைய சைக்கிள் வாங்கறவங்க இன்னொண்ணும் பார்க்கணும். சக்கரத்தைக் கழட்டச் சொல்லி ஆக்ஸிலோட நுனியை விரலால சுத்துங்க. நுனி ஒரே இடத்துல நின்னு சுத்தணும். வட்டம் போட்டா ஏற்கெனவே வளைஞ்சாச்சு.

பேர்ல மயங்க வேண்டாம்

டூர்னி, ஆல்டஸ், அசேரா, அலிவியோ, டியோர்னு ஷிமானோ மலை சைக்கிள் வரிசை கீழிருந்து மேலே போகும். படி ஏற ஏற விலை கூடும், கியர் மாறுறது மென்மையாகும், பெரும்பாலும் எடையும் குறையும். பலம் அதே அளவுக்கு ஏறும்னு மட்டும் நினைச்சுக்காதீங்க. 12 கியர் செயினோட அகலம் 5.3 மில்லிமீட்டர் பக்கம், 8 கியர் செயின் 7.1. மெல்லிசா இருக்கிறதாலேயே சீக்கிரம் தேயும்னு இல்லை, நல்ல தரத்துல வர்றது நல்லாவே உழைக்கும். ஆனா தேய்ஞ்ச பிறகு அந்த செயினையும் கேசட்டையும் மாத்தற விலையைக் கேட்டுப் பாருங்க, ஒரு மாச மளிகைக் கணக்கு வரும்.

என் கருத்து, 100 கிலோவுக்கு மேல இருக்கிற, ஆபீஸுக்கும் ஞாயிற்றுக்கிழமை ரைடுக்கும் ஓட்டுற ஆளுக்கு 8 அல்லது 9 கியர், எல்லாப் பல்லும் இரும்பு, கேசட் ஹப். ஆல்டஸ் அல்லது அசேரா போதும். அதுக்கு மேல போற பணத்தைச் சக்கரத்துல போடுங்க. கொஞ்சம் கூடுதலா செலவு பண்ண முடிஞ்சா ஷிமானோவோட க்யூஸ் வரிசையைப் பார்க்கலாம். இதுல லிங்க்கிளைடுனு தடிமனான பல் வெச்ச கேசட் வருது, தங்களோட சாதாரண கேசட்டைவிட மூணு மடங்கு உழைக்கும்னு அந்தக் கம்பெனியே சொல்லுது. விற்கிறவங்க வாக்கை அப்படியே எடுத்துக்க வேண்டியதில்லை, பாதி உண்மையா இருந்தாலும் கனமான ஆளுக்கு அது நல்ல செய்திதான்.

சமதரை ஊர்ல ஒற்றைக் கியரையும் ஒதுக்காதீங்க. சென்னையில பாலத்தைத் தவிர ஏத்தம் ஏது? விலை குறைவு, உடையறதுக்கு அதிகம் ஒண்ணும் இல்லை. ஹப்புக்கு உள்ளேயே கியர் இருக்கிற ஷிமானோ நெக்ஸஸ் மாதிரி, 1902-ல் இங்கிலாந்துல தொடங்கின ஸ்டர்மி-ஆர்ச்சர் மாதிரி அமைப்புகளும் உறுதியானவை. ஆனா நம்ம ஊர்ல அதைத் திறந்து பார்க்கத் தெரிஞ்ச மெக்கானிக்கைத் தேடணும். அதனால முதல் சைக்கிளுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

எத்தனை கியர் என்பதைவிட, கடைசி கியர் எது?

21 என்ற எண் 3-ஐ 7-ஆல் பெருக்கினது, அவ்வளவுதான். அதுல பாதி ஒண்ணுக்கொண்ணு கிட்டத்தட்ட அதே கியர். கனமான ஆளுக்கு முக்கியமானது ஒரே ஒரு கியர், எல்லாத்தையும்விட லேசானது. முன்னாடி இருக்கிற சின்னப் பல்லை, பின்னாடி இருக்கிற பெரிய பல்லால் வகுங்க. 1 அல்லது அதுக்குக் கீழே வரணும்.

ஏன்னு கணக்கா பார்க்கலாம். 105 கிலோ ஆள், 16 கிலோ சைக்கிள், 4 கிலோ லேப்டாப் பை, மொத்தம் 125. நூறு மீட்டருக்கு நாலு மீட்டர் ஏறுற பாலத்துல மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்துல போக, டயர் உராய்வையும் சேர்த்து சுமார் 170 வாட் வேணும். 65 கிலோ ஆளுக்கு அதே பையோட 115 வாட் சொச்சம் போதும். உங்க கால் அவர் காலைவிட ஒன்றரை மடங்கு வேலை செய்யுது, அதுவும் தினமும். நீங்க பலவீனமான ஆள்னு யாராவது சொன்னா இந்தக் கணக்கைக் காட்டுங்க.

இப்போ அந்த 170 வாட்டை ரெண்டு விதமா மிதிக்கலாம். முன்னாடி 42, பின்னாடி 18 பல்லுல போனா, 27.5 இன்ச் சக்கரத்துக்கு நிமிஷத்துக்கு 33 சுத்துதான் மிதிப்பீங்க. 170 மில்லிமீட்டர் கிராங்க்ல சராசரியா 29 கிலோ அழுத்தம் வேணும், செயின்ல 59 கிலோ இழுவை. அதே வேகத்துல முன்னாடி 28, பின்னாடி 28-க்கு மாத்தினா நிமிஷத்துக்கு 77 சுத்து, அழுத்தம் 13 கிலோ, செயின் இழுவை 38 கிலோ. இதெல்லாம் சராசரி, கால் கீழே போற நொடியில இன்னும் கூடும். வேகம் அதே, வேலை அதே. ஆனா முட்டி மேல பாதிக்கும் குறைவான பாரம், செயின்ல மூணுல ஒரு பங்கு இழுவை மிச்சம். “கனமான கியர்ல மிதிச்சாதான் எக்ஸர்சைஸ்”னு நினைக்கிறவங்க செயினையும் முட்டியையும் சேர்த்துத் தேய்க்கறாங்க.

ஆனா லேசான கியர்ல எழுந்து நின்னு மிதிக்காதீங்க. 105 கிலோவும் ஒரு பெடல் மேல நின்னா, முன்னாடி 28 பல்லுல செயின் இழுவை 315 கிலோவுக்குப் போகும். புது செயின் 800 கிலோவுக்கு மேல தாங்கும், அதனால நேரா இழுக்கும்போது அறுந்துடாது. கியர் மாத்துற அந்த நொடியிலதான் ஆபத்து. செயின் ரெண்டு பல்லுக்கு நடுவுல சாய்ஞ்சு நிக்கும், அப்போ முழு பலத்தோட மிதிச்சா ஊசி பக்கவாட்டுல பிதுங்கிடும். பாலம் ஏற ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே மாத்திடுங்க. மாத்தும்போது அரைச் சுத்து காலை லேசா விடுங்க. சிக்னல்ல நிக்கறதுக்கு முன்னாடியும் அப்படித்தான்.

கம்பியும் ரிம்மும்

ஆக்ஸிலுக்கு அடுத்தது கம்பி. பின் சக்கரம் ஒவ்வொரு சுத்துக்கும், தரையைத் தொடுற இடத்துல இருக்கிற கம்பி கொஞ்சம் தளர்ந்து மறுபடி இறுகுது. 10 கிலோமீட்டர் ஆபீஸ் பயணத்துல ஏறக்குறைய 4,650 தடவை. கம்பிகள் ஒரே சீரா, நல்ல இறுக்கமா இருந்தா இதை லட்சக்கணக்கான தடவை தாங்கும். தளர்வா இருந்தா ஒவ்வொரு தடவையும் அதிகமா வளைஞ்சு நிமிர்ந்து, ஹப் பக்கத்துல வளைவு இருக்கிற இடத்துல பட்டுனு போகும். ஒண்ணு போனா பக்கத்துக் கம்பிகள் மேல பாரம் ஏறி அடுத்ததும் போகும். ஆக, கம்பி உடையறதுக்கு எடையைவிடச் சரியா இறுக்காததுதான் பெரிய காரணம். மெஷின்ல கட்டின சக்கரத்தை, வாங்கின அன்னைக்கே நல்ல மெக்கானிக் கையில கொடுத்துக் கோட்டம் எடுத்து, எல்லாக் கம்பியையும் சீரா இறுக்கச் சொல்லுங்க. இரண்டு, மூணு நூறு ரூபாய் வேலை. 150 கிலோமீட்டர் ஓடின பிறகு இன்னொரு தடவை. இந்தக் கட்டுரையிலயே விலைக்கு அதிகப் பலன் தர்ற செலவு இதுதான்.

ரிம் டபுள் வால்-ஆ இருக்கணும், பின்னாடி 36 கம்பி இருந்தா நல்லது. டயரை அகலமாவே வெச்சுக்கோங்க, காத்தை டயர் ஓரத்துல எழுதியிருக்கிற அளவுக்குள்ள சரியா அடிச்சுக்கோங்க.

பணக் கணக்கு

கடைசியில ரூபாய்க்கு வருவோம். கீழே சொல்ற விலைகள் தோராயமானவை, உங்க ஊர்ல முன்னபின்ன இருக்கும். 2025 செப்டம்பர் 22-லிருந்து சைக்கிளுக்கும் உதிரிபாகங்களுக்கும் ஜிஎஸ்டி 12 சதவீதத்துல இருந்து 5 ஆகியிருக்கு. அதுக்கு முன்னாடி போட்ட யூடியூப் வீடியோக்கள்ல (நம்ம வீடியோ உட்பட) சொன்ன விலையை அப்படியே எடுத்துக்காதீங்க.

வழி ஒண்ணு, 15,000 ரூபாய் ஃப்ரீவீல் சைக்கிளை வாங்கி அப்படியே ஓட்டறது. 70 கிலோ ஆளுக்குச் சரி, உங்களுக்கு வேண்டாம். வழி ரெண்டு, கேசட் ஹப்போட வர்ற 24,000, 25,000 ரூபாய் சைக்கிள். வழி மூணு பலருக்குத் தெரியாது: ஏற்கெனவே வாங்கின ஃப்ரீவீல் சைக்கிள்ல பின் சக்கரத்தை மட்டும் புதுசா கட்டறது. 36 துளை கேசட் ஹப், 36 துளை டபுள் வால் ரிம், ஸ்டெயின்லெஸ் கம்பி, 7 கியர் கேசட், கூலி எல்லாம் சேர்த்து 5,000, 6,000-க்குள்ள முடிக்கலாம். ஷிஃப்டர், டெரெய்லர் எதையும் மாத்த வேண்டாம். 7 கியர் கேசட்டை இப்போ கிடைக்கிற 8 கியர் ஹப்புல மாட்ட, பின்னாடி 4.5 மில்லிமீட்டர் ஸ்பேசர் ஒண்ணு போட்டா போதும். பின் ஃப்ரேம்ல சக்கரம் உட்காரற இடைவெளியை மட்டும் அளந்துட்டு ஹப் வாங்குங்க, பல சைக்கிள்ல அது 135 மில்லிமீட்டர்.

மூணு தடவை ஆக்ஸில் வளைஞ்ச நண்பர் இதைத்தான் செஞ்சார். வேற கடை, வேற மெக்கானிக், 5,500 ரூபாய். அதுக்கப்புறம் 3,000 கிலோமீட்டருக்கு மேல ஓட்டியாச்சு, ஆக்ஸில் அப்படியே இருக்கு. எடை எவ்வளவு குறைஞ்சுதுன்னு நான் கேட்கலை, அது அவர் விஷயம்.

பெட்ரோல் மிச்சத்தைக் காட்டி 25,000 ரூபாய் சைக்கிளை நியாயப்படுத்தவும் வேண்டாம். போக வர 14 கிலோமீட்டர், லிட்டருக்கு 45 கொடுக்கிற பைக், பெட்ரோல் 100 ரூபாய்னு வெச்சா ஒரு நாளைக்கு 31 ரூபாய். மாசத்துக்கு 12 நாள் சைக்கிள்ல போனா 375 ரூபாய்கூட வராது. சைக்கிள் காசு திரும்ப வர அஞ்சு வருஷத்துக்கு மேல ஆகும். சைக்கிளை உடம்புக்கான செலவா எழுதுங்க, முதலீடா எழுதாதீங்க. ஈஎம்ஐ-யில வாங்கறீங்கன்னா இன்னும் யோசிங்க. ஆக்ஸில் வளைஞ்சு சைக்கிள் மூலையில நிக்கும்போதும் மாசாமாசம் ஐந்தாம் தேதி பணம் போகும்.

செயின் விஷயத்துல இன்டர்நெட்ல சொல்றதுல ஒரு சின்னத் திருத்தம். “செயினை நேரத்துக்கு மாத்தினா பணம் மிச்சம்”னு எல்லாரும் சொல்வாங்க. போட்டுப் பாருங்க. செயின் 900, கேசட் 1,600, முன் கிராங்க் செட் 2,500-னு வெச்சுக்கலாம். 3,000 கிலோமீட்டருக்கு ஒரு செயின்னு மாத்தி, 9,000-ல கேசட்டையும் மாத்தினா மொத்தம் 4,300. ஒரே செயினை 9,000 வரைக்கும் தேய்ச்சு, கடைசியில மூணையும் சேர்த்து மாத்தினா 5,000. வித்தியாசம் 700 ரூபாய்தான். விலை குறைவான 8 கியர்ல பணத்துக்காக இதைச் செய்யணும்னு இல்லை. செய்ய வேண்டிய காரணம் வேற: தேய்ஞ்ச செயின் பல்லு மேல ஏறி வழுக்கும். 105 கிலோவோட அழுத்தி மிதிக்கும்போது வழுக்கினா கால் சட்டுனு கீழே போகும், முட்டி ஹேண்டில்ல இடிக்கும், பின்னாடி பஸ் வரும். 700 ரூபாய்க்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை.

அளக்க சாதாரண இரும்பு ஸ்கேல் போதும். ஒரு ஊசியோட நடுவுல பூஜ்யத்தை வெச்சா, புது செயின்ல சரியா 12 இன்ச்ல இன்னொரு ஊசியோட நடு வரும். 12 இன்ச்சுக்கு மேல பதினாறுல ஒரு பங்கு தள்ளி இருந்தா மாத்துற நேரம் வந்தாச்சு. எட்டுல ஒரு பங்கு தள்ளி இருந்தா கேசட்டும் போயிருக்கும்.

பில் போடறதுக்கு முன்னாடி

எடை வரம்பு என்னன்னு கேளுங்க, வாய்ல சொல்றதை விட்டுட்டு கையேட்டுல பாருங்க. எண் எதைக் குறிக்குதுன்னு கவனிங்க. உதாரணத்துக்கு, ட்ரெக் தன்னோட பல மாடல்களுக்குச் சொல்ற 136 கிலோ என்பது ஆள், சைக்கிள், சாமான் மூணும் சேர்ந்த எடை. வேற சில கம்பெனிகள் ஓட்டுறவர் எடையை மட்டும் சொல்லும், பெரும்பாலும் 100-னு போட்டிருக்கும். அந்த எண்ணைத் தாண்டினா வாரன்டி கேட்கும்போது அதையே காட்டுவாங்க. ஃப்ரேமுக்கு எத்தனை வருஷ வாரன்டி இருந்தாலும் ஆக்ஸில், கம்பி, செயின் எல்லாம் “தேய்மானம்”னு பொதுவா வெளியே நிக்கும் என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

பிளாஸ்டிக் பெடல் வந்தா அன்னைக்கே மாத்திடுங்க. முதல் 100 கிலோமீட்டர் முடிஞ்சதும் கிராங்க் போல்ட்டை, முக்கியமா இடது பக்கம், இறுக்கச் சொல்லுங்க. தளர்ந்த கிராங்க்ல ஒரு வாரம் ஓட்டினாலே அலுமினியத்துல இருக்கிற சதுரத் துளை வட்டமாகிடும், அப்புறம் எவ்வளவு இறுக்கினாலும் நிக்காது. டெரெய்லர் தொங்குற ஹேங்கர், அந்த மாடலுக்கு உரியது, ஒண்ணு கூடுதலா வாங்கிப் பையில போட்டுக்கோங்க. அந்த மாடல் நின்னு போனா அது மட்டும் கிடைக்காது.

பில்லுல மாடல் பேரோட சேர்த்து “கேசட் ஹப், பின் சக்கரம் 36 கம்பி”னு எழுதித் தரச் சொல்லுங்க. எழுத யோசிச்சா மறுபடி ஒரு தடவை பெடலைப் பின்னோக்கிச் சுத்திப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.